கையில் எடுத்த பந்து

மாநில அணிக்கு எடுத்த பதினாறு பேரில் இரண்டு பேர் எங்கள் மைதானத்துப் பையன்கள். ஒருவன் நான், ரைட் ஹாஃப். இன்னொருவன் எனக்குப் பின்னால் ஆடிய ஃபுல் பேக், என் நண்பன். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தேசிய ஹாக்கிப் போட்டி அது. எனக்கு அதில் பெரிய கணக்கு எதுவும் கிடையாது. ரயிலில் வடக்கே போகலாம், மாநிலத்தின் பெயர் போட்ட பனியனைத் திரும்பி வந்தபின் தெருவில் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்பது வரைக்கும்தான் என் ஆசை ஓடியது.

அவனுக்கு அப்படி இல்லை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை தங்கிவிட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் அவனுக்காக அவன் அப்பா ஏற்கனவே சொல்லிவைத்திருந்தார். அதிலிருந்து அவன் தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. போட்டி நடக்கப்போகிற ஊரில் ஒரு பெரிய ஆலை. அந்த ஆலைக்குச் சொந்தமாக ஒரு விளையாட்டு விடுதி. போட்டியில் பார்த்துப் பிடித்த பையன்களை அவர்கள் விடுதிக்கு எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு, படிப்பு, ஆட்டம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வயது வந்ததும் அதே ஆலையில் வேலை. சென்ட்ரலில் ரயில் ஏறும்போது அவன் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "எட்த்தாங்கன்னா அங்கியே இர்ந்துடு. எடுக்கலன்னா திங்கக்கெழம பட்டறைக்குப் போவணும். மூஞ்ச தூக்கி வெச்சுக்காத."

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டை போகிற வழியில் ஒரு பொட்டல் அது. ஒரு பக்கம் தொழிற்சாலையின் பின்கேட். மறுபக்கம் எங்கள் தெருக்கள். சாயங்காலம் சங்கு ஊதி ஷிப்ட் விட்டால், ரோட்டைச் சுற்றிப் போகாமல் சைக்கிள்கள் எல்லாம் மைதானத்துக் குறுக்கேதான் வரும். ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக வரும். கேரியரில் டிபன் பாக்ஸ், ஹேண்டில்பாரில் காய்கறிப் பை. மணியடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள்.

எங்களுக்கு முந்தின செட்டு ஆடிய காலத்தில், யாரோ அடித்த பந்து ஒரு சைக்கிளின் முன்சக்கரத்துக் கம்பிகளுக்குள் புகுந்துவிட்டது. ஹாக்கிப் பந்து கல் மாதிரி இருக்கும். ஓட்டி வந்தவர் குப்புற விழுந்து முன்பல் போய்விட்டது. அடுத்த நாள் தொழிலாளிகள் கூட்டமாக வந்து, இனிமேல் இங்கே ஆட்டமே கிடையாது என்று நின்றுவிட்டார்கள். பேசிப் பேசிக் கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. சங்கு ஊதியதும் பந்துக்குப் பக்கத்தில் இருப்பவன் அதைக் கையில் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். பந்து கையில் தெரிந்தால்தான் சைக்கிள் மைதானத்துக்குள் இறங்கும். கடைசிச் சைக்கிள் போகும்வரை கை இறங்கக் கூடாது.

நாங்கள் ஆட வந்தபோது இதெல்லாம் பழைய கதை. ஆனால் வழக்கம் அப்படியே இருந்தது. கோல் விழப்போகிற நேரமாக இருந்தாலும் சங்கு ஊதினால் ஊதினதுதான். அதற்குப் பிறகு மட்டையை ஆட்டியவனை அந்த வாரம் முழுக்க ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். எங்கள் பக்கத்துக் கோல் முன்னால்தான் பந்து அதிகம் சுற்றும் என்பதால் பெரும்பாலும் பந்தை எடுப்பவன் என் நண்பனாகத்தான் இருப்பான்.

"பால் எங்க நைனா?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிள்காரர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பார்கள்.

"தோ, கையில கீது. வா வா."

"இன்னாடா பேக்கு, நேத்து மாங்காட்டுப் பசங்க உன் கோல்ல மூணு வுட்டானுங்களாமே?"

"நீ வூட்டுக்குப் போ அண்ணாத்தே, வூட்ல தேடுவாங்க."

அந்தச் சைக்கிள்களில் ஒன்று அவன் அப்பாவுடையது. அவர் மட்டும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போவார். மகனைத் தெரியாதவர் மாதிரி.

வடக்கே போய் இறங்கினோம். எங்களை ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். போட்டி ஆலை மைதானத்தில். காலையில் பஸ் வந்து கூட்டிக்கொண்டு போய், ஆட்டம் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். அணியில் கோவில்பட்டிப் பையன்கள் நிறைய. அவர்கள் ஆட்டமும் பேச்சும் வேகம். நாங்கள் "கீது", "வந்துகினு" என்றால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "ஏலே, இவனுவ பேசுதது தமிழாலே?" என்பான் அவர்களில் சென்டர் ஹாஃப் ஆடியவன். "உன் வாயி ரிப்பேரு, போய் தொடச்சிகினு வா" என்பான் என் நண்பன். சப்பாத்தியைப் பார்த்து முகம் சுளிப்பதில் மட்டும் எல்லா ஊர்க்காரர்களும் ஒன்று.

முதல் இரண்டு ஆட்டங்களும் காலையில். இரண்டிலும் ஜெயித்தோம். என் நண்பனைத் தாண்டி ஒருவனும் போகவில்லை. எதிராளியின் மட்டை நுனியிலிருந்து பந்தைச் சுத்தமாக எடுப்பான். ஆள்மேல் உரசக்கூட மாட்டான். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் ஆலையின் ஆள் எங்கள் மேனேஜரிடம் வந்தார். நரைத்த தலை, கறுப்புக் கண்ணாடி. ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரராம். என் நண்பனின் வயது என்ன, என்ன படிக்கிறான், அப்பா என்ன செய்கிறார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, அவனை இன்னும் ஓர் ஆட்டம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை. "மச்சான், சோறு போடுவாங்க இல்ல? டெய்லி இந்த சப்பாத்திதான்னா நா செத்தேன்" என்றான். விடுதியில் ஏற்கனவே சேர்ந்துவிட்டவன் மாதிரி கவலைப்பட்டான்.

மூன்றாவது ஆட்டம் கால் இறுதி. காலையில் மழை பெய்து மைதானத்தில் தண்ணீர் நின்றதால் ஆட்டங்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். எங்கள் முறை வர சாயங்காலம் ஆகிவிட்டது. எதிரணிப் பையன்கள் எங்களைவிட ஒரு தலை உயரம் கூடினவர்கள். இரு அணியும் ஆளுக்கு ஒரு கோல் போட்டு ஆட்டம் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது.

கோல் முன்னால் அரைவட்டமாகக் கோடு போட்டிருக்கும். அதை 'டி' என்போம். அவர்களுடைய முன்வரிசைக்காரன் ஒருவன் என்னைத் தாண்டி எங்கள் டிக்குள் புகுந்தான். என் நண்பன் முழங்காலை மடித்துச் சாய்ந்து, மட்டையைத் தரையோடு போட்டு, பந்தை அவனிடமிருந்து எடுத்துவிட்டான். அவ்வளவு சுத்தமாக அவன் பந்து எடுத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எதிராளி வெறும் காற்றில் ஓடிப் போனான். பந்து என் நண்பனின் காலடியில். நான் வலது ஓரத்தில் ஆளில்லாமல் நிற்கிறேன். என்னிடம் தள்ளிவிட்டால் போதும்.

அப்போது சங்கு ஊதியது.

ஆலையின் சங்கு. ஆவடியில் ஊதுகிற அதே ஓசை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஏறி ஏறிப் போய் ஒரே உயரத்தில் நிற்குமே, அதே தொனி. என் நண்பன் குனிந்தான். பந்தைக் கையில் எடுத்தான். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

இதை எழுதும்போது நான் அவனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் சரியாக இருக்காது. நானும் நின்றுவிட்டேன். மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பந்தைப் பார்க்காமல், மைதானத்தின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தேன். சைக்கிள்கள் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்தேன்.

ஒரு நொடி எல்லோருமே அசையாமல் நின்றார்கள். எதிரணிக்காரர்களுக்கும் என்னவென்று விளங்கவில்லை. பிறகு விசில். பிறகு எங்கள் சென்டர் ஹாஃபின் குரல்.

"ஏலேய்! என்னலே பண்ணுத? கோட்டி கீட்டி புடிச்சிருச்சாலே உனக்கு?"

கை அப்போதும் மேலேயே இருந்தது. குரல் கேட்டுத்தான் அவன் அண்ணாந்து தன் கையைப் பார்த்தான். பந்தைக் கீழே போட்டான். சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். டிக்குள் வேண்டுமென்றே பந்தைக் கையால் எடுத்தால் பெனால்ட்டி ஸ்ட்ரோக். கோல்கீப்பர் ஒருவனை மட்டும் எதிரில் நிறுத்தி ஓர் அடி. அடித்தார்கள். கோல். மிச்சமிருந்த நேரத்தில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. போட்டியிலிருந்து வெளியேறினோம்.

மேனேஜர் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "ஏன்டா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் சங்கு, சைக்கிள், ஒப்பந்தம் எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆலைக்காரர்கிட்ட நீங்க சொல்லுங்க சார்" என்று கெஞ்சினேன். "இதை நான் போய் சொன்னா தமிழ்நாட்டு டீமே காமெடி ஆயிடும்டா. விடு" என்று எழுந்து போய்விட்டார். திருச்சிக்காரனான கோல்கீப்பர் கான்வென்ட்டில் படித்தவன். இங்கிலீஷ் சரளமாகப் பேசுவான். அவனிடம் போனேன். கால் பேடுகளைக் கழற்றிக்கொண்டே, "ஸ்ட்ரோக்குக்கு முன்னாடி நின்னவன் நான். கையில எடுத்தவன் உங்க ஊர்க்காரன். நீயே போய்ச் சொல்லு" என்றான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

என் நண்பன் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நீ போய் சொல்லு மச்சான்" என்றான். "நீதான் படிக்கிறவன். உனுக்குத்தான் இங்கிலீஷ் வரும்ல?"

எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போனவன் நான்தான் முதல். அப்பாவும் பெரியப்பாவும் கீரைப்பாத்தியும் நெல்லுமாக வாழ்ந்தவர்கள். மின்சார ஆபீஸ் கடிதமோ மருந்துச் சீட்டோ, எது வந்தாலும் தெருவே என்னிடம் கொண்டுவரும். நானும் படித்துச் சொல்வேன். இங்கிலீஷில் வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் எனக்குத்தான். பசுவைப் பற்றி, ரயில் பயணத்தைப் பற்றி, என் வாழ்க்கை லட்சியத்தைப் பற்றி ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதுவேன். எல்லாம் மனப்பாடம். சங்கு ஊதினால் பந்தைத் தூக்குகிறவர்களைப் பற்றி யாரும் எனக்குக் கட்டுரை சொல்லித் தரவில்லை.

மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன். ஆலைக்காரர் ஷாமியானாவின் கீழ் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொருவர். நான் கொஞ்ச தூரத்தில் நின்று, "மே ஐ கம் இன் சார்?" என்றேன். அங்கே கதவு எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். ஆலைக்காரர் சிரிக்கவில்லை. வா என்று கையைக் காட்டினார். என் பனியனைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"யுவர் ஃபுல் பேக்... குட் டேக்கிள். வெரி குட் டேக்கிள்" என்றார். அப்புறம் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "வொய்?" என்றார்.

"சைரன் சார்" என்றேன்.

"யெஸ். சைரன்."

"அவர் பிளேஸ் ஆல்சோ சைரன் சார். சைக்கிள் சார். மெனி சைக்கிள்."

அவர் சுற்றிலும் பார்த்தார். எங்கேயும் சைக்கிள் இல்லை. அந்த ஆலைக்காரர்களுக்கு வேறு வழி இருக்கிறது போல. "சைக்கிள்?" என்றார்.

"யெஸ் சார். பால் இன் ஹேண்ட். தென் சைக்கிள் கம் சார்."

"ஹி வாஸ் நெர்வஸ்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதற்றப்பட்டானா என்று, ஒரு காரணத்தை எனக்கு எடுத்துக் கொடுப்பது மாதிரி கேட்டார்.

"நோ சார். நாட் நெர்வஸ்."

"தென் வாட்?"

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். அவர் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். விரட்டியிருந்தாலும் சரி. அவர் காத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் எதையோ சொல்ல வாயெடுத்தபோது அவரைக் கையமர்த்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு 'பிகாஸ்' தெரியும். அதற்குப் பின்னால் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. ஒருவர் விழுந்தார், பல் உடைந்தது, எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு செய்தோம், அன்றிலிருந்து எங்கள் கை தானாக எழும் என்பது தமிழில் முழுசாக என் நெஞ்சில் நின்றது. தொண்டைக்கு வரும்போது "சைக்கிள் சார், சைக்கிள் சார்" என்று ஆனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த ஆட்டத்துக்கு விசில் அடித்தார்கள். அவர் எழுந்து என் தோளைத் தட்டி, "ஓகே. குட் பாய்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரம்முக்குத் திரும்பி வந்தேன். அவன் எழுந்து நின்றான். "இன்னா சொன்னாரு?"

"கேட்டாருடா. நல்லாத்தான் கேட்டாரு. எனக்குத்தான் வரல."

டிரம்மிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தான். அப்புறம் சிரித்தான். "உனுக்கே வரலன்னா அது இங்கிலீஷ்ல இல்லவே இல்ல மச்சான். வுடு."

அவன் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான். ஆனால் அவனுக்கு அதில் பாதி நம்பிக்கையும் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே விடுதிக்கு எடுத்தவர்களைச் சொல்லிவிட்டார்கள். எங்கள் அணியிலிருந்து கோவில்பட்டி சென்டர் ஹாஃபை எடுத்திருந்தார்கள். நல்ல ஆட்டக்காரன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் என் நண்பனிடம் வந்து, "தப்பா எடுத்துக்காத மக்கா, ஆட்டத்துல கத்திட்டேன்" என்றான். "நீயும் ஒழுங்கா சாப்ட்டுகினு இரு. சப்பாத்தி ஒத்துக்கலன்னா சொல்லி சோறு போடச் சொல்லு" என்று இவன் அவனுக்குப் புத்தி சொன்னான். நான் விளக்கியிருந்தால் மட்டும் எடுத்திருப்பார்களா என்று கேட்டால், தெரியாது. ஒருவேளை ஃபுல் பேக்கே தேவைப்படாமல் இருந்திருக்கலாம். தெரியாது என்பதால்தான் அது முடியவே மாட்டேன் என்கிறது.

ஊர் திரும்பியதும் அவனோடு அவன் வீடு வரைக்கும் போனேன். அவன் உள்ளே போய்ப் பையைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டான். அவன் அம்மா, மாதா கோயிலில் போட்டிருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல், என்னிடம்தான் கேட்டார். "நீ சொல்லுப்பா. இன்னா ஆச்சி?"

"சங்கு ஊதிச்சிம்மா. பந்தக் கையில எடுத்துட்டான்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, அந்த நேரத்துலியா வெச்சானுங்க மேட்ச?" என்றார். மேலே ஒரு வார்த்தை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம், "எடுக்க வந்த ஆளுகிட்ட இத்த சொன்னியாப்பா?" என்று கேட்டார்.

"சொன்னேம்மா. புரியல."

"ஏன், அவுங்களும் ஆலக்காரங்கதான?"

உள்ளேயிருந்து அவன், "இன்னாம்மா அவனப் போட்டு நோண்டிகினு கீற? சோத்தப் போடு" என்று கத்தினான்.

திங்கட்கிழமை அவன் பட்டறைக்குப் போனான். அடுத்த வருஷம் அவனுக்கு வயது தாண்டிவிட்டது. பெரிய பையன்களுக்கான தேர்வுக்குக் கூப்பிட்டேன். பட்டறையில் லீவு தர மாட்டார்கள் என்றான். நான் கல்லூரிக்குப் போனேன். ஹாக்கிச் சான்றிதழும் இடம் கிடைக்க உதவியது. ஒரே ரயிலில் போய், ஒரே ஆட்டத்தில் நின்றுபோன இரண்டு பேரில் எனக்கு மட்டும் அந்தப் பயணத்தால் ஒரு நன்மை வந்தது. இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க இங்கிலீஷில்தான் எழுதுகிறேன், போனில் பேசுகிறேன்.

போன மாதம் எஸ்டேட் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். பட்டறை வாசலுக்கு அவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது அங்கே மூத்த ஆள் அவன்தான். பழைய பேச்செல்லாம் பேசினோம். எனக்கு என்ன தோன்றியதோ, அன்றைக்கு ஷாமியானாவின் கீழ் சொல்லியிருக்க வேண்டியதை அவனிடம் இங்கிலீஷில் சொன்னேன். பல் உடைந்தவர், ஒப்பந்தம், தூக்கிய கை எல்லாம் அதில் வந்தன. எங்கேயும் தடுக்கவில்லை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"இன்னா மச்சான் சொன்ன?" என்றான்.

"அன்னிக்கு அந்த ஆள்கிட்ட சொல்ல வேண்டியது."

அவன் மிச்ச டீயைக் குடித்துவிட்டு கிளாஸை வைத்தான்.

"இம்மாந்தானா?" என்றான்.

ஆமாம், இவ்வளவுதான் என்றேன்.